இராஜகுமாரி கட்டிய கொடி

கண்டியில் இருந்து கடுகண்ணாவைக்குப் போகும் வீதியில் ஒரு வளைவு தாண்டி உள்ளே இறங்கினால் நாங்கள் வேலை செய்யும் இடம் வரும். வீடுகளில் சேரும் குப்பையைத் தரம் பிரித்து அனுப்பும் ஒரு தனியார் நிலையம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நான் அங்கே கிளார்க். தகரக் கொட்டகையின் ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் கதிரை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நீளமான ஒரு மேசை. அதன் இரண்டு பக்கமும் நின்று எட்டுப் பெண்கள் குப்பையைப் பிரிப்பார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் இராஜகுமாரி. மஹய்யாவையில் இருந்து வருபவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை "மதனி மிஸ்" என்பார்.

அந்த மேசையில் எல்லாரும் கை வைக்கத் தயங்கும் ஒன்று உண்டு. பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே ஷொப்பிங் பையால் முடிச்சுப் போட்டு வரும் சின்னச் சின்னப் பொதிகள். 'பார்சல்' என்பார்கள். பாதிக்கு மேல் யாரோ பெண்கள் பாவித்துப் போட்ட பேட். மற்றதில் உடைந்த கிளாஸ், பழைய பட்டரி, ஒரு தடவை நல்ல வெள்ளிக் கரண்டிகூட இருந்தது. வெளியே பார்த்து எதுவென்று சொல்ல முடியாது என்பதால் எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆகவேண்டும். நிஷாந்தி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு பார்சலைப் பிரித்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். இராஜகுமாரி பின்னால் போய் அவள் முகம் கழுவத் தண்ணீர் ஊற்றினார். அன்றிலிருந்து மேசைக்கு வரும் பார்சல்களை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

போன வருஷம் பெரஹெராத் திருவிழா முடிந்த வாரம் லொறிகள் இரட்டிப்பாக வந்தன. புதன்கிழமை பத்து மணி இருக்கும். நிஷாந்தி கண்ணாடியில் தட்டினாள். நான் எழும்பிப் போனபோது இராஜகுமாரி இடது கையை மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். கையுறை கிழிந்து, முழங்கைவரை இரத்தம். பார்சல் ஒன்றில் பேட்டோடு சேர்த்து யாரோ சவர பிளேட்டையும் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். பெருவிரலுக்குக் கீழே ஆழமாக வெட்டியிருந்தது. நான்தான் பதறிச் சத்தம் போட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து, "மிஸ், மெதுவா. புள்ளைங்க பயந்துரும்" என்றார்.

த்ரீவீலரில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு தையல். ஊசி. ஒரு மாதத்துக்குக் குளிசை. அதைவிட டொக்டர் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் இறங்கியது. அந்த பிளேட்டில் இருந்தது யாருடைய இரத்தம் என்று தெரியாது. அதனால் இன்றைக்கு ஒரு தடவை, ஆறு கிழமையில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை இரத்தம் சோதிக்க வேண்டும். பயப்படத் தேவையில்லை, வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கடைசி முடிவு வரும்வரை உங்கள் இரத்தம் மற்றவர்கள்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சிங்களத்தில் சொன்னதை இராஜகுமாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

மருந்துக்கு வரிசையில் எங்கள் இலக்கம் வரும்வரை வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். யார் அந்த பிளேட்டைப் போட்டிருப்பார்கள் என்று நான் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அதில் சேரவில்லை. என் பேச்சு முடிந்ததும் சொன்னார்:

"மிஸ், நானும்தானே மாசா மாசம் பார்சல் கட்டிப் போடுறேன். என் வீட்டுக் குப்பையும் லொறியில ஏறி இதே மேசைக்குத்தான் வருது. இப்ப மூணு மாசத்துக்கு என் ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. அதை அழகா கட்டி நிஷாந்தி கையில குடுக்கவா?"

அந்த மாதம் நான் கட்டிப் போட்ட பார்சல்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுசியோடு ஒவ்வொரு நாளும் ஒரே கொட்டகையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன். என்னுடைய பொதி எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் கட்டோடு வேலைக்கு வந்தார். முகாமையாளர் அவரை அதே மேசையின் கோடியில் அட்டை மட்டும் பிரிக்க மாற்றினார். எல்லாருக்கும் தடித்த கையுறையும் வந்தது. இராஜகுமாரி வீட்டில் தன் வேலையைத் தொடங்கியிருந்தார். அதைப் பற்றி எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார்.

முதலில் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, பள்ளிக்கூடம் போன காலத்தில் வைத்ததுபோல மடித்து வைத்துப் பார்த்திருக்கிறார். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவருக்கு அது சரிவரவில்லை. ஒரு பக்கம் சுருண்டு மறுபக்கம் கசிந்துவிட்டது. மேசையில் நிற்கும்போதே தெரிந்திருக்கிறது. ஏப்ரனை அவிழ்த்துப் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு வேலை முடியும்வரை நின்றிருக்கிறார். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பிறகு சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏன் எனக்குச் சொல்லவில்லை, வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே என்றதற்கு, வீட்டுக்குத் தூரமான நாளில் எல்லாரும் வீட்டுக்குப் போனால் இந்த மேசையில் யார் நிற்பது என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் செய்தது எனக்கு இன்னும் வியப்பு. கடையில் ஒரு புதுப் பேட் வாங்கி, வீட்டில் அதைப் பாயில் வைத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு படையாகப் பிரித்திருக்கிறார். மேலே மெல்லிசாக ஒன்று, நடுவில் உறிஞ்சுவது, அடியில் நனையாத பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் சிறகு. "இதைப் பத்தி என்னைவிட அதிகமா பாத்தவங்க யாரு மிஸ் இருக்காங்க?" என்றார். மேலே பிளனல் துணி போடலாம். நடுவில் பழைய குளிக்கும் துவாயை மூன்றாக மடித்துத் தைக்கலாம். சிறகுக்கு பிரஸ் பட்டன். அடியில் நனையாமல் இருக்க என்ன போடுவது என்பதுதான் பிடிபடவில்லை. ஷொப்பிங் பையைப் போட்டுப் பார்த்தார். வேர்த்து எரிந்தது.

அவருடைய கணவர் நடராஜா மார்க்கெட்டில் மரக்கறி மூட்டை இறக்குபவர். அதிகம் பேசாத ஆள் என்று கேள்வி. மனைவி ஒரு கையால் துணியை வெட்டப் படும் பாட்டைப் பார்த்து, என்ன தைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். இராஜகுமாரி மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் உள்ளே போய்த் தன்னுடைய பழைய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மழையே ஊடுருவாத துணி. கம்பியெல்லாம் நான் கழட்டித் தர்றேன். நீ அந்தக் கையை வெச்சுக்கிட்டு இழுக்காத."

குடைத்துணி சரியாக அமைந்தது. கொதிநீரில் சலவைச் சோடாப் போட்டு அலசி, எட்டுத் துண்டாக வெட்டி, ஆறு நாள் இருந்து எட்டுப் பேட் தைத்தார். இடது கையால் துணியை அழுத்திப் பிடிக்க முடியாததால் முழங்காலுக்குக் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டு தைத்ததாகச் சொன்னார். அடுத்த மாதம் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், நடந்தார், பஸ் ஏறினார். ஒரு துளி கசியவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, "மிஸ், வெற்றி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

துவைப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. மூடி போட்ட ஒரு வாளி, பச்சைத்தண்ணீரில் ஊறவைப்பது, அந்தத் தண்ணீரைக் கக்கூசில் ஊற்றுவது, பிறகு சவர்க்காரம். கையுறை போட்டுக்கொண்டு தானே செய்வார். காயவைப்பதுதான் பிரச்சினையானது. அவர்கள் இருப்பது ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் ஒரு வரிசையில். முன்னால் எல்லாருக்கும் பொதுவாகச் சின்ன முற்றம். அதில் ஒரு பைப். முற்றத்தைக் கடந்துதான் கோயிலுக்குப் போகும் பாதை. வெட்கப்பட்டு, வீட்டுக்குள் கட்டிலுக்குப் பின்னால் கயிறு கட்டி, அதற்கு மேலே ஒரு பாவாடையையும் போட்டு மூடியிருக்கிறார். அது மழைக்காலம். கண்டியில் அந்த மாதங்களில் மத்தியானம் தாண்டினால் வானம் இருண்டுவிடும். மூன்று நாளாகியும் துணி ஈரம் போகாமல் ஒரு வாடை வந்தது. அதைப் போட்டதில் தோல் சிவந்து சொறியச் சொறியக் கடித்தது.

கிளினிக்குக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் போய்க் காட்டினார். அந்த அம்மா ஏசவில்லை. களிம்பு கொடுத்துவிட்டு, துணி நல்லது, ஆனால் வெயில் பட்டு மொறுமொறு என்று காயவேண்டும், மூடி வைத்துக் காயவிடுவதென்றால் இதைப் பாவிக்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் விடியற்காலையில் இராஜகுமாரி முற்றத்தில் பைப்புக்கும் சுவருக்கும் இடையே புதுக் கொடி ஒன்று கட்டினார். காலை வெயில் முதலில் விழும் இடம் அது. எட்டையும் வரிசையாகக் கிளிப் போட்டு விட்டுவிட்டு வேலைக்கு வந்தார். வந்ததும் எனக்குச் சொன்னார். அந்தக் கொடியைக் கட்டியதைவிட பிளேட் வெட்டியது சுலபமாக இருந்தது என்றார்.

நவராத்திரி தொடங்கிய கிழமை. பக்கத்து வீட்டுக் கமலம், கோயில் வேலைகளை முன்னின்று செய்பவர், அன்று பின்னேரம் முற்றத்தில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கூட இன்னும் இரண்டு மூன்று பெண்கள். பூத்தட்டோடு ஆட்கள் போகிற வழியில் இதைத் தொங்கவிட்டிருக்கிறாயே, ஆம்பிளைகள் கடந்து போகிறார்களே, உனக்குக் கூச்சம் இல்லையா என்று கேட்டிருக்கிறார். சத்தம் கேட்டு வீடுகளின் கதவுகள் திறந்தன. அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் கொடியை அவிழ்த்திருப்பார்கள், அல்லது சண்டைக்குப் போயிருப்பார்கள். இராஜகுமாரி பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பதில் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று பிறகு நான் கேட்டபோது, கொஞ்சம் கூச்சத்தோடு திரும்பவும் சொன்னார்:

"அக்கா, இது தொவைச்ச துணி. உங்க வீட்டுல இருந்து போற பார்சலை எட்டு வருஷமா நான்தான் பிரிச்சேன். நீங்க யாரும் பாக்காத எடத்துல. அப்ப எனக்குக் கூச்சமா இருக்குமான்னு யாரும் கேக்கல. நான் யாரையும் மாறச் சொல்லல. என்னோடது இன்னொருத்தி கைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்."

கமலம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நவராத்திரி முடியும்வரை இராஜகுமாரி தன் வீட்டுத் தகரக்கூரைமேல் ஒரு மூங்கிலைக் குறுக்கே வைத்து அதில் காயப்போட்டார். சாமிக்குப் பயந்தா என்று கேட்டேன். "சாமி ஒண்ணும் சொல்லாது மிஸ். கமலம் அக்கா ஒன்பது நாளும் விரதம். அவங்க மனசு நோகக்கூடாது" என்றார். பத்தாம் நாள் கழிய, அடுத்த தடவை, துணி திரும்பவும் முற்றத்துக் கொடிக்கு வந்தது.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் திடீரென்று பெருமழை. நாங்கள் வேலையில் நிற்கிறோம். கொடியில் இருக்கிற துணி எல்லாம் போய்விட்டது என்று இராஜகுமாரி கைவிட்டுவிட்டார். வீட்டுக்குப் போனால், வாசலில் ஒரு பிளாஸ்டிக் பேசின் கவிழ்த்து வைத்திருந்ததாம். அதன் அடியில் நடராஜாவின் சாரம், துவாய், அந்த எட்டு பேட், எல்லாம் காய்ந்தபடியே மடித்து அடுக்கி இருந்திருக்கின்றன. பேசின் கமலத்தினுடையது. இராஜகுமாரி அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனபோது கமலம் மழையைப் பற்றி மட்டும் பேசினாராம். இவரும் மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

என்னுடைய கதையையும் சொல்லத்தான் வேண்டும். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு வியந்த நான், மூன்று மாதம் பேட் கட்டிப் போடுவதை விடவில்லை. எங்கள் வீட்டில் மாதத் துடக்கு என்றால் கிணற்றடிக்கே தனிப் பாதை. அப்படி வளர்ந்த எனக்கு, நானே அதைக் கழுவுவது என்று நினைத்தாலே உடம்பு கூசியது. நிஷாந்தி மாறினாள். மேசையில் நின்ற இன்னும் மூன்று பேர் மாறினார்கள். இராஜகுமாரி அவர்களுக்குப் பத்திரிகைத் தாளில் அளவு வெட்டிக் கொடுத்தார், தையல் பிழைத்தால் பிரித்துக் காட்டினார். என்னை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடைசியில் நானே போய்க் கேட்டேன். அவர் ஆச்சரியம் காட்டாமல், "நாலு தர்றேன் மிஸ். வீட்டுல இருக்கிற சனி ஞாயிறுல மொதல்ல பழகுங்க" என்றார்.

ஒரு வீட்டோடு ஒட்டி நான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸின் குளியலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசினில் தண்ணீர் சிவந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்துநாலு வயதில் அப்போதுதான் அதை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வெட்டுப்பட்ட விரலில் வருவதைப்போலத்தான் இருந்தது. இரண்டு தண்ணீரில் தெளிந்துவிட்டது. கொடியில் போடும்போது வீட்டுக்கார அம்மா மேல் மாடியில் இருந்து பார்த்தார். நான் கிளிப்பை இறுக்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவ்வளவு தைரியம் எனக்கு எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் முதல் கிழமையில் கடைசி இரத்தச் சோதனையின் முடிவு. நானும் கூடப் போனேன். முதல் இரண்டு தடவையும் நல்லபடியாக வந்திருந்தாலும் அன்று அவர் கையைப் பிடித்தபோது குளிர்ந்து இருந்தது. டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, இனி வரத் தேவையில்லை என்றார். இராஜகுமாரி எழும்பி அவருக்குக் கும்பிட்டார். வெளியே வந்து, ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். மூன்று மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இனிமேல் பழையபடி பேட் வாங்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டவுனுக்குப் போய் பிளனல் வாங்கவேண்டும், கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சனிக்கிழமை பத்துப் பேருக்கு வெட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார் என்றார். எப்போது இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். முடிவு எப்படி வந்தாலும் செய்வதாகப் போன மாதமே சொல்லிவிட்டாராம்.

டவுனில் ஹுதைபா நானாவின் துணிக்கடைக்குப் போனோம். வயதான மனிதர், தாடி, மூக்குக் கண்ணாடி. பிளனல் என்றதும் மஞ்சளிலும் வெள்ளையிலும் வாத்துப் படம் போட்ட துணியை எடுத்து விரித்து, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். கடையில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் "ஓம், பிள்ளைக்குத்தான்" என்று சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

இராஜகுமாரி சொன்னார்: "பிள்ளைக்கு இல்ல நானா. பொம்பளைங்களுக்கு மாசத்துக்குப் பாவிக்கத் தைக்கிறேன். தொவைச்சுத் தொவைச்சுப் பாவிக்கிறது. பத்துப் பேருக்கு வேணும்."

பக்கத்தில் சேலைத்துணி பார்த்துக்கொண்டு நின்ற பெண் நிமிர்ந்து பார்த்தார். ஹுதைபா நானா வாத்துத் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, ஏணியில் ஏறி மேல் தட்டில் இருந்து கருநீலத்தில் ஒரு சுருளை இறக்கினார்.

"அப்பிடியெண்டா இது நல்லம். கறை தெரியாது, சாயம் போகாது, தடிப்பும் கூட. எங்கட வீட்டிலயும் மகள் ஒண்டு இதப்பத்திக் கேட்டுக்கொண்டு இருக்கிறா. எப்பிடி வெட்டுறது எண்டு கொஞ்சம் காட்டுவீங்களா?"

இராஜகுமாரி கைப்பையில் இருந்து தாளில் வெட்டிய அளவை எடுத்து மேசையில் விரித்தார். சேலைத்துணி பார்த்த பெண்ணும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். இது அடியில், இது நடுவில், இங்கே பட்டன் என்று இராஜகுமாரி சொல்லச் சொல்ல, தாள் பறக்காமல் அதன் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.